அமைவுக் கோப்பு இழந்த மெய்நிகர்க் கணினிகளை மீட்டல்

அமைவுக் கோப்பு இழந்த மெய்நிகர்க் கணினிகளை மீட்டல் என்பது, சர்வரில் இயங்கிவந்த மெய்நிகர்க் கணினிகளின் வட்டுகள் நலமாக இருக்க, அவற்றை விவரிக்கும் சிறு கோப்புகள் மட்டும் அழிந்துபோகும்போது, அந்த விவரங்களை வேறிடங்களிலிருந்து திரட்டி, அதே கணினிகளை அதே தரவுடன் மறுபடி இயங்கவைக்கும் பணி. ஒரே சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் தனித்தனிக் கணினிகளே மெய்நிகர்க் கணினிகள். தொழில்நுட்பர்கள் சுருக்கமாக ‘விஎம்’ என்பார்கள். அவற்றை உருவாக்கி நடத்தும் அடித்தள மென்பொருள் ஹைப்பர்வைசர் எனப்படும்.

ஒரு விஎம்மின் வட்டுக் கோப்பு 40 ஜிபி இருக்கலாம், 500 ஜிபியும் இருக்கலாம். அதன் அமைவுக் கோப்போ சில கிலோபைட்தான். ஆனால் அந்தச் சிறிய கோப்பு போய்விட்டால் நிர்வாகத் திரையில் அந்தக் கணினியின் பெயர்கூடத் தெரியாது. பார்ப்பவர் எல்லாம் போயிற்று என்று நம்பி, சர்வரைப் புதிதாக நிறுவத் தொடங்குவார். உண்மையான இழப்பு பெரும்பாலும் அப்போதுதான் நேர்கிறது. அதுவரை தரவு அப்படியே இருந்திருக்கும்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தின் அரச நகரான கோலா கங்சார் போன்ற ஊர்களுக்கு இது தொலைதூரத் தரவு மையங்களின் கவலை மட்டும் இல்லை. கணக்காளர் அலுவலகம், தனியார் கிளினிக், கூட்டுறவுச் சங்கம் என்று சிறிய இடங்களில் கணக்கு மென்பொருள் ஒரு விஎம், கோப்புகளைப் பகிர்வது ஒரு விஎம், கண்காணிப்புக் கேமரா ஒரு விஎம் என எல்லாம் பின்னறையில் இருக்கும் ஒரே சர்வரில் ஓடும். கைதேர்ந்த ஆள் வேண்டுமானால் ஏறத்தாழ 50 கி.மீ. தள்ளி ஈப்போவிலிருந்து வரவேண்டியிருக்கும். அவர் வந்து சேரும்வரை உள்ளே இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள், எதைச் செய்யாமல் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே மீட்பு அமையும்.

வட்டும் விவரமும்

அமைவுக் கோப்பில் இருப்பவை எளிய செய்திகள்: கணினிக்கு எவ்வளவு நினைவகம், எத்தனை செயலிக் கருக்கள், எந்த வட்டு எந்த வகை இணைப்பில் மாட்டப்பட்டுள்ளது, பிணைய அட்டையின் மேக் முகவரி என்ன, அது எந்தப் பிணையத்தோடு சேர்கிறது, பழைய பயாஸ் முறையில் துவங்குகிறதா யூஈஎஃப்ஐ முறையிலா, அதன் தனி அடையாள எண் எது. இவற்றுள் நினைவக அளவையும் கருக்களின் எண்ணிக்கையையும் ஊகித்து எழுதினாலும் கணினி ஓடும். துவக்க முறையும் வட்டு இணைப்பும் தவறினால் ஓடாது. மேக் முகவரி தவறினால் ஓடும், ஆனால் அலுவலகத்தில் யாரும் அதை அடைய முடியாமல் போகலாம்.

வட்டையும் விவரத்தையும் பிரித்து வைக்கும் வழக்கம் பழையது. ஐபிஎம் 1972இல் வெளியிட்ட விஎம்/370 அமைப்பில் ஒவ்வொரு பயனரின் மெய்நிகர்க் கணினியையும் விவரிக்க ‘டைரக்டரி’ என்ற பட்டியல் இருந்தது. பெரிய வட்டின் எந்தச் சிலிண்டரிலிருந்து எத்தனை சிலிண்டர்கள் ஒரு பயனருக்குரியவை என்பதும் அதில்தான் எழுதப்பட்டிருந்தது. அந்தப் பட்டியல் தொலைந்தால் ஒருவருடைய வட்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதே தெரியாது. இன்றைய அமைப்புகளில் வட்டு தனிக் கோப்பாகவோ தனிப் பெயருள்ள பகுதியாகவோ இருப்பதால் அந்த அளவு இருட்டு இல்லை.

கோப்புகள் இருக்கும் இடங்கள்

விஎம்வேர் நிறுவனத்தின் ஹைப்பர்வைசரான இஎஸ்எக்ஸ்ஐ, ஒவ்வொரு விஎம்முக்கும் ஒரு கோப்புறை வைத்து, அதற்குள்ளேயே விஎம்எக்ஸ் என்ற உரைக் கோப்பில் விவரங்களை எழுதுகிறது. வட்டு இரண்டு கோப்புகளாக இருக்கும். தரவு முழுதும், பெயரில் ‘பிளாட்’ என்று வரும் பெரிய கோப்பில். அதைப் பற்றிய சில வரிகள் விஎம்டிகே என்ற சிறிய விளக்கக் கோப்பில். விவரமும் வட்டும் ஒரே கோப்புறையில் இருப்பதால், இஎஸ்எக்ஸ்ஐ நிறுவப்பட்ட யூஎஸ்பி குச்சியோ எஸ்டி அட்டையோ செத்துப்போனாலும் விஎம்கள் சாவதில்லை. புதிதாக நிறுவும்போது பழைய தரவுப் பகுதியை அழிக்காமல் வைத்துக்கொள்ளும் தெரிவைத் தேர்ந்து, பிறகு ஒவ்வொரு விஎம்எக்ஸ் கோப்பையும் பதிவுசெய்தால் போதும். இத்தகைய குச்சிகளும் அட்டைகளும் தேய்ந்து பழுதாவது அதிகமானதால், அவற்றிலிருந்து மட்டும் துவங்கும் முறையைக் கைவிடுமாறு 2021இல் விஎம்வேரே அறிவுறுத்தத் தொடங்கியது.

லினக்ஸில் கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர் வழியாக இயங்கும் விஎம்களை லிப்வர்ட் என்ற மென்பொருள் நிர்வகித்தால், விவரங்கள் எக்ஸ்எம்எல் கோப்புகளாகச் சர்வரின் அமைப்புக் கோப்புறைக்குள் இருக்கும். வட்டுகள் வேறிடத்தில் இருக்கும். சர்வரின் துவக்க வட்டு போனால் எக்ஸ்எம்எல்லும் போகும். மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி, 2012 ஆர்2 பதிப்புவரை விவரங்களைப் படிக்கக்கூடிய எக்ஸ்எம்எல்லாக வைத்திருந்து, 2016 பதிப்பிலிருந்து விஎம்சிஎக்ஸ் என்ற இரும வடிவத்துக்கு மாறியது. பழுதானால் கையால் திருத்த முடியாத வடிவம் அது. வர்ச்சுவல்பாக்ஸ் ஒரு நல்ல பழக்கத்தைக் கடைப்பிடிக்கிறது: ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அமைவுக் கோப்பின் முந்தைய நிலையை அருகிலேயே இன்னொரு கோப்பாக விட்டுவைக்கும். பெயரை மாற்றினாலே மீட்பு முடிந்துவிடும்.

சிறு அலுவலகங்களில் இப்போது பரவிவரும் பிராக்ஸ்மாக்ஸைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வியன்னாவைச் சேர்ந்த நிறுவனம் 2008இல் வெளியிட்ட இந்தத் திறமூல மென்பொருளை, 2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கி உரிமக் கட்டண முறையை மாற்றிய பிறகு பலர் நாடினார்கள். இதில் எல்லா விஎம்களின் விவரங்களும் ஒரே கோப்புறையில் இருப்பதுபோலத் தெரியும். அது உண்மையில் வட்டில் உள்ள கோப்புறை இல்லை. பின்னால் உள்ள ஒரு சிறிய எஸ்கியூலைட் தரவுத்தளத்தைக் கோப்புகளாகக் காட்டும் திரை. சர்வர் துவங்காதபோது பழைய வட்டை வேறு கணினியில் மாட்டி அந்தக் கோப்புறையைத் திறப்பவர் வெறுமையைக் கண்டு திடுக்கிடுவார். அவர் எடுக்க வேண்டியது அந்தத் தரவுத்தளக் கோப்பை. புதிதாக நிறுவிய சர்வருக்குப் பழைய பெயரையே வைத்து, அந்தத் திரையை நடத்தும் சேவையை நிறுத்தி, தரவுத்தளத்தை உரிய இடத்தில் வைத்துத் துவக்கினால் விஎம்களின் பட்டியல் திரும்ப வந்துவிடும். பழைய பெயர் முக்கியம். சர்வரின் பெயரிலேயே விவரங்கள் அடுக்கப்படுவதால், பெயரை மாற்றிய மறுகணமே எல்லா விஎம்களும் திரையிலிருந்து மறைவதுண்டு. பழைய பெயரின் கீழ் உள்ள கோப்புகளைப் புதிய பெயரின் கீழ் நகர்த்தினால் அவை மீண்டும் தெரியும்.

2023 பிப்ரவரி

அமைவுக் கோப்புகளை மட்டும் இழந்த விஎம்களை உலகம் முழுவதும் ஒரே வாரத்தில் மீட்க வேண்டிய நிலை 2023 பிப்ரவரியில் ஏற்பட்டது. அந்த மாதம் 3ஆம் தேதி பிரான்சின் அரசுக் கணினி அவசர உதவிக் குழு, இணையத்தை நோக்கித் திறந்திருந்த இஎஸ்எக்ஸ்ஐ சர்வர்கள் தாக்கப்படுவதாக எச்சரித்தது. சிவிஇ-2021-21974 என்ற ஓட்டையின் வழியாகத் தாக்குதல் நடந்ததாகக் கருதப்பட்டது. அதற்கான திருத்தம் ஈராண்டுகளுக்கு முன்பே, 2021 பிப்ரவரியில், வெளியாகியிருந்தது. இஎஸ்எக்ஸ்ஐஆர்க்ஸ் என்று பெயர் பெற்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் இந்த நிரல் 3,800க்கும் மேற்பட்ட சர்வர்களைப் பாதித்ததாக அமெரிக்க இணையப் பாதுகாப்பு முகமையான சிசாவும் எஃப்பிஐயும் அறிவித்தன. ஒவ்வொரு சர்வருக்கும் கேட்கப்பட்ட பணம் ஏறத்தாழ 2 பிட்காயின்.

நிரலின் வேலைமுறையில்தான் மீட்புக்கான வழி இருந்தது. விஎம்எக்ஸ், விஎம்டிகே உள்ளிட்ட சில வகைக் கோப்புகளைத் தேடி அது பூட்டியது. 128 எம்பிக்குக் குறைந்த கோப்புகளை முழுமையாகவும், பெரியவற்றில் ஒரு எம்பியைப் பூட்டி நெடுந்தூரம் தாண்டி அடுத்த எம்பியைப் பூட்டுவதாகவும் அது எழுதப்பட்டிருந்தது. போகிற போக்கில் லாக் கோப்புகளையும் அழித்தது. சிறிய விளக்கக் கோப்புகளும் அமைவுக் கோப்புகளும் அடியோடு போயின. ஆனால் பல சர்வர்களில் பிளாட் கோப்புகள், அதாவது உண்மையான தரவு, பூட்டப்படாமலே தப்பின.

யோர்குரூப் என்ற நிறுவனத்தின் எனஸ் சொன்மெஸ், அஹ்மத் அய்காச் இருவரும் இதைக் கவனித்து மீட்கும் முறையை வெளியிட்டார்கள். பிளாட் கோப்பின் அளவை பைட் கணக்கில் பார்த்து, அதே அளவில் ஒரு தற்காலிக வட்டை உருவாக்க வேண்டும். அப்போது புதிய விளக்கக் கோப்பு ஒன்று பிறக்கும். தற்காலிக வட்டின் பெரிய கோப்பை நீக்கிவிட்டு, விளக்கக் கோப்பில் உள்ள பெயரைப் பழைய பிளாட் கோப்பின் பெயராகத் திருத்தினால், வட்டு மறுபடி அடையாளம் பெற்றுவிடும். விளக்கக் கோப்பில் அளவு 512 பைட் கொண்ட செக்டர்களாக எழுதப்படுகிறது. 40 ஜிபி வட்டின் பிளாட் கோப்பு 42,949,672,960 பைட் என்றால், 512ஆல் வகுத்து 83,886,080 என்று எழுத வேண்டும். ஓர் இலக்கம் பிசகினாலும் வட்டு திறக்காது. விஎம்எக்ஸ் கோப்புக்கும் ஒரு கதவு இருந்தது. இஎஸ்எக்ஸ்ஐ அதன் பழைய நகல் ஒன்றைப் பெயரின் இறுதியில் அலைக்குறி சேர்த்து வைத்திருக்கும்; நிரல் தேடிய வகைகளில் அந்தப் பெயர் அடங்கவில்லை. அந்த நகலைப் பழைய பெயருக்கு நகலெடுத்து, விஎம்மை நீக்கி மறுபடி பதிவுசெய்தார்கள். இந்த முறையைத் தானாகச் செய்யும் ஒரு நிரலைச் சில நாட்களுக்குள் சிசா இலவசமாக வெளியிட்டது.

அதே வாரத்தில் தாக்கியவர்கள் நிரலைத் திருத்தினார்கள். பெரிய கோப்புகளில் ஒரு எம்பி விட்டு ஒரு எம்பி பூட்டப்பட்டது. பாதித் தரவு போனது. அதன்பின் தாக்கப்பட்ட சர்வர்களுக்கு மேற்கண்ட முறை பயன்படவில்லை. முதல் அலையில் சிக்கி, தரவு போயிற்று என்று நம்பி சர்வரை அழித்து நிறுவியவர்களுக்கும் அது பயன்பட்டிருக்க முடியாது.

இயங்கும் கணினியை நிறுத்தாமல் இருத்தல்

பேராக்கில் பிற்பகல் இடிமழை அடிக்கடி பெய்யும். மின்னழுத்தம் ஏறி இறங்கித் துவக்க வட்டு பழுதாவது இங்கே எதிர்பார்க்க வேண்டிய நிகழ்வு. ஆனால் அமைவுக் கோப்புகள் போவதற்கு மனிதக் கையே பெருங்காரணம்: தவறான கோப்புறையில் கொடுக்கப்பட்ட அழிப்புக் கட்டளை, இடம் பற்றாக்குறை என்று நடத்திய துப்புரவு, பதிப்பை உயர்த்தும்போது நடுவில் விட்டுப்போன வேலை. இப்படி அழிந்த தருணத்தில் விஎம்கள் பெரும்பாலும் ஓடிக்கொண்டே இருக்கும். துவங்கும்போது படித்த விவரங்களை நினைவகத்தில் வைத்துக்கொண்டு ஓடுவதால் கோப்பு போனதை அவை உணர்வதில்லை.

எனவே சர்வரை மறுதுவக்கம் செய்யாமல் இருப்பதே முதல் கடமை. ‘ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்ப்போம்’ என்ற பழக்கம் வேறு பல கோளாறுகளைத் தீர்க்கும். இங்கே அது எஞ்சியிருக்கும் ஒரே முழுமையான நகலையும் அழித்துவிடும். லிப்வர்டில் ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மின் முழு எக்ஸ்எம்எல்லையும் ‘விர்ஷ் டம்ப்எக்ஸ்எம்எல்’ கட்டளையால் வெளியே எடுத்து, ‘டிஃபைன்’ கட்டளையால் மறுபடி நிலைநிறுத்தலாம். பிராக்ஸ்மாக்ஸில் ஒவ்வொரு விஎம்மும் ஒரு கேவிஎம் செயல்முறை. செயல்முறைப் பட்டியலில் அதன் கட்டளை வரியைப் பார்த்தால் நினைவகம், கருக்கள், வட்டுகளின் பாதை, மேக் முகவரி, அடையாள எண் எல்லாம் ஒரே நீண்ட வரியில் இருக்கும். அதைக் கோப்பாகச் சேமித்து, அதைப் பார்த்து அமைவுக் கோப்பை வரிவரியாக எழுதிவிடலாம்.

வட்டுக் கோப்பையே அழித்துவிட்டாலும், விஎம் ஓடிக்கொண்டிருந்தால் நம்பிக்கை உண்டு. லினக்ஸில் ஒரு செயல்முறை திறந்து வைத்திருக்கும் கோப்பின் பெயர் நீங்கினாலும், அந்தச் செயல்முறை முடியும்வரை அதன் உள்ளடக்கம் வட்டில் இருக்கும். விஎம்மை இடைநிறுத்தி, அந்தச் செயல்முறையின் திறந்த கோப்புகளின் வழியாக உள்ளடக்கத்தை வேறு வட்டுக்கு நகலெடுக்கலாம். அணைத்துவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும்.

சிதறிக் கிடக்கும் சான்றுகள்

சர்வர் ஏற்கெனவே அணைந்துவிட்டால் தேடல் விரிகிறது. முதலில் பார்க்க வேண்டியது பேக்கப். வட்டின் நகல் மட்டுமே அதில் இருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். பிராக்ஸ்மாக்ஸின் பேக்கப் கோப்புக்குள் அமைவுக் கோப்பும் சேர்ந்தே இருக்கிறது. மூன்று மாதம் பழைய பேக்கப்பில் தரவு பழையதாக இருந்தாலும், மேக் முகவரியும் துவக்க முறையும் மாறியிருக்கப்போவதில்லை. அதிலிருந்து விவரத்தை மட்டும் எடுத்து, இன்றைய வட்டோடு சேர்க்கலாம்.

விஎம்வேரில், விஎம் ஒவ்வொரு முறை துவங்கும்போதும் விஎம்எக்ஸின் வரிகள் முழுவதும் அந்தக் கோப்புறையிலுள்ள லாக் கோப்பில் பதியப்படும். லாக் எஞ்சியிருந்தால் விஎம்எக்ஸை அதிலிருந்து திரும்ப எழுதலாம். பல சர்வர்கள் கூட்டாக இயங்கும் பிராக்ஸ்மாக்ஸ் தொகுதியில், செத்த சர்வரின் விவரங்கள் உயிரோடிருக்கும் மற்ற சர்வர்களிலும் முழுமையாக இருக்கும். ஆனால் இரண்டே சர்வர்கள் கொண்ட தொகுதியில் ஒன்று போனால், மற்றதற்குப் பெரும்பான்மை வாக்கு கிடைக்காமல் அமைவுக் கோப்புறை படிக்க மட்டும் அனுமதிக்கும் நிலைக்குச் சென்றுவிடும். எதிர்பார்க்கும் வாக்கு ஒன்றே போதும் என்று கட்டளையிட்ட பிறகுதான் அதில் எழுத முடியும்.

வட்டுகளின் பெயர்களும் பேசும். பிராக்ஸ்மாக்ஸ் தன் வட்டுகளுக்கு ‘விஎம்-100-டிஸ்க்-0’ என்ற பாணியில் பெயரிடுவதால், எந்த வட்டு எந்த எண்ணுள்ள விஎம்முக்குரியது என்பது பெயரிலேயே இருக்கிறது. அதே எண்ணில் வெற்று விஎம் ஒன்றை உருவாக்கி, வட்டுகளை மறுதேடல் செய்யச் சொன்னால் அவை ‘பயன்படுத்தப்படாதவை’ என்ற பெயரில் வந்து சேரும். பிறகு முறையாக இணைக்கலாம். வட்டுகள் இசட்எஃப்எஸ் முறையில் இருந்தால் கூடுதல் நிம்மதி. அந்தச் சேமிப்புத் தொகுதி தன் அமைப்பைத் தன் வட்டுகளிலேயே எழுதி வைத்துக்கொள்வதால், புதிய சர்வரில் மாட்டினாலே அடையாளம் கண்டுகொள்ளும். எல்விஎம் முறையில், தொகுதியின் அமைப்பு மாறும்போதெல்லாம் அதன் உரைநகல் சர்வரின் அமைப்புக் கோப்புறையில் சேமிக்கப்படும். வட்டிலுள்ள தலைப்பு பழுதானாலும் அந்த நகலைக் கொண்டு பகுதிகளின் எல்லைகளை மீட்கலாம்.

மேக் முகவரியை வெளியிலும் தேடலாம். ரவுட்டரின் டிஎச்சிபி பட்டியலில், அதனிடம் ஐபி பெற்ற ஒவ்வொரு கருவியின் முகவரியும் இருக்கும். 00:50:56 என்று தொடங்குவது விஎம்வேர், 52:54:00 லிப்வர்ட் நிர்வகிக்கும் கேவிஎம், 08:00:27 வர்ச்சுவல்பாக்ஸ். அலுவலகத்தில் இருந்த விஎம்களை இந்த முன்னெண்களைக் கொண்டே பிரித்தறியலாம். எந்த வட்டில் எந்த இயங்குதளம் இருக்கிறது என்பதே தெரியாதபோது, லிப்கெஸ்ட்எஃப்எஸ் தொகுப்பின் ஆய்வுக் கருவி, வட்டைத் துவக்காமலே திறந்து இயங்குதளம், கணினியின் பெயர், நிறுவிய மென்பொருள்கள் ஆகியவற்றைச் சொல்லும்.

ஸ்னாப்ஷாட் சங்கிலி

மீட்பில் தரவு நிரந்தரமாக அழிவது பெரும்பாலும் இங்கேதான் என்பதால் இதைத் தனியே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. விஎம்மின் அந்த நேர நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட்டை எடுத்த பிறகு, பல அமைப்புகளில் விஎம் பழைய வட்டில் எழுதாது; மாற்றங்களை மட்டும் ஒரு புதிய சிறு வட்டில் எழுதும். ஆறு மாதங்களுக்கு முன் எடுத்து மறந்துபோன ஸ்னாப்ஷாட் இருந்தால், அந்த ஆறு மாதக் கணக்கு வழக்கு முழுதும் அந்த மேல்வட்டில் இருக்கும். அமைவுக் கோப்பில் எழுதியிருந்தது மேல்வட்டின் பெயர். அது தொலைந்ததும், மீட்பவர் கோப்புறையில் பெரியதாகத் தெரியும் அடிவட்டை எடுத்து மாட்டித் துவக்குவார். கணினி ஓடும், ஆறு மாதப் பழைய நிலையில். துவங்கிய நொடியிலிருந்து அடிவட்டில் புதிதாக எழுதப்படும். மேல்வட்டு எந்த அடித்தளத்தை நம்பியிருந்ததோ அது மாறிப்போகும். பிறகு இரண்டையும் ஒன்றுசேர்க்க முடியாது.

விஎம்வேரின் விளக்கக் கோப்புகளில் ஒவ்வொரு வட்டுக்கும் ஓர் உள்ளடக்க எண்ணும், அதன் தாய்வட்டின் எண்ணும் எழுதப்பட்டிருக்கும். ஆறு இலக்கத் தொடர் எண்ணோடு முடியும் பெயர்கள் கோப்புறையில் இருந்தால் ஸ்னாப்ஷாட் இருக்கிறது என்று பொருள்; எண்களைப் பின்தொடர்ந்து சங்கிலியின் கடைசிக் கண்ணியைக் கண்டுபிடித்து அதையே மாட்ட வேண்டும். கேவிஎம்மின் கியூகவ்2 வட்டில் அடிவட்டின் பாதை தலைப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். கோப்புறை மாறியிருந்தால் பாதையை மட்டும் திருத்தும் கட்டளை உண்டு. எந்த முறையானாலும் முதல் துவக்கத்துக்கு முன் வட்டுகளின் முழு நகல் ஒன்று எடுத்து வைக்க வேண்டும். இடமில்லை என்றால் புதிய ஹார்ட் டிஸ்க் வாங்கிவரும்வரை காத்திருப்பதே நல்லது. அதற்காகும் ஒரு நாள் வீண்போவதில்லை.

முதல் துவக்கம்

வட்டின் பகுதி அட்டவணையில் ஈஎஃப்ஐ பகுதி இருந்தால் யூஈஎஃப்ஐ, இல்லையென்றால் பயாஸ் என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். ஹைப்பர்-வியில் இதையே இரண்டாம் தலைமுறை, முதல் தலைமுறை என்பார்கள். விண்டோஸ் விஎம்மை வேறு வகை வட்டு இணைப்பில் மாட்டினால் துவக்க வட்டை அணுக முடியவில்லை என்று நீலத் திரையோடு நிற்கும். தரவு போய்விட்டதாக இதைக் கொள்ளக் கூடாது. முதலில் ஐடிஈ அல்லது சாட்டா இணைப்பில் துவக்கி, விர்ட்ஐஓ இயக்கியை நிறுவிய பிறகு வேகமான இணைப்புக்கு மாற்றலாம். மேக் முகவரி மாறினால் விண்டோஸ் புதிய பிணைய அட்டை வந்ததாக எண்ணி நிலையான ஐபி முகவரியை விட்டுவிடும். சில கணக்கு மென்பொருள்கள் உரிமம் செல்லாது என்று மறுக்கும். பழைய முகவரியைத் தேடிக் கண்டெடுப்பது இதனால்தான் பயனுள்ள உழைப்பு.

மீளாதவை

அமைவுக் கோப்பு போவது தரவே போவதற்குச் சமமாகும் ஒரு நிலை உண்டு. விண்டோஸ் 11, மெய்நிகர் டிபிஎம் சில்லைக் கேட்கிறது. வட்டைப் பூட்டும் பிட்லாக்கர் அதன் சாவியை அந்தச் சில்லில் வைக்கிறது. சில்லின் நிலை வட்டுக்கு வெளியே, விஎம்மின் மற்றக் கோப்புகளோடு சேமிக்கப்படுகிறது. அது அழிந்து, பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணும் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை என்றால், நலமாக இருக்கும் வட்டும் திறக்காது. பாதுகாப்பு வலுக்க வலுக்க, விவரத்தின் நகலும் சாவியின் நகலும் தரவின் நகலுக்கு இணையான மதிப்பைப் பெறுகின்றன.

விவரம், வட்டு, பேக்கப் மூன்றும் ஒன்றாகப் போன நிகழ்வுகள் நம் அண்டையிலேயே உண்டு. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணினி அமைப்பு தாக்கப்பட்டபோது பேக்கப்பும் சேர்ந்து பூட்டப்பட்டது. அமைப்பை விரைவில் திரும்ப இயக்கினார்கள். ஆனால் ஏறத்தாழ 5,000 அரசு மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் மீளவில்லை. அந்தக் காலத்துக்குப் பிணையத்துக்கு வெளியே வைத்த நகல் இல்லாமல் போனதே காரணம். 2024 ஜூன் 20ஆம் தேதி சுராபாயாவில் இந்தோனேசியாவின் தற்காலிகத் தேசியத் தரவு மையம் பூட்டப்பட்டு 200க்கும் மேற்பட்ட அரசு அமைப்புகள் பாதிக்கப்பட்டன; விமான நிலையங்களில் குடிநுழைவு வரிசைகள் நீண்டன. அந்த மையத்திலிருந்த தரவில் 98 விழுக்காட்டுக்குப் பேக்கப் இல்லை என்று நாட்டின் இணையப் பாதுகாப்பு முகமைத் தலைவரே நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். 80 லட்சம் அமெரிக்க டாலர் கேட்ட கும்பல், அரசு மறுத்தபின் ஜூலையில் சாவியைத் தானாகவே வெளியிட்டது. அத்தகைய மனமாற்றத்தை நம்பி எந்த அலுவலகமும் திட்டமிட முடியாது.

நகல் வைத்தல்

1877இல் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் கன்றுகளில் 9 கோலா கங்சாருக்குக் கொண்டுவரப்பட்டு, பேராக் ரெசிடெண்ட் ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பட்டன. எல்லாவற்றையும் ஒரே மண்ணில் ஊன்றாமல் இரண்டு ஊர்களில் பிரித்து வளர்த்த அந்த ஏற்பாட்டில் உள்ள அறிவே பேக்கப்பிலும் தேவைப்படுகிறது. ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 விதியும் இதைத்தான் கேட்கிறது: மூன்று நகல்கள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறிடத்தில். வட்டுகளுக்கு இதைச் செய்யப் பணம் வேண்டும். அமைவுக் கோப்புகளுக்கு வேண்டியதில்லை. ஒரு சர்வரின் எல்லா விவரங்களும் சேர்ந்து ஒரு சாதாரணப் படத்தின் அளவைக்கூட எட்டா. அவற்றைத் தினமும் சுருக்கி வேறொரு கணினிக்கு அனுப்பும் சிறு நிரலை ஒரு மணி நேரத்தில் எழுதிவிடலாம். தாளில் அச்சடித்து ஒரு கோப்பில் சேர்த்து வைப்பதும் வெட்கப்பட வேண்டிய பழமை இல்லை. விஎம்மின் பெயர், எண், வட்டு, மேக் முகவரி, துவக்க முறை, பிட்லாக்கர் எண் ஆகியவை உள்ள இரண்டு பக்கங்கள், ஈப்போவிலிருந்து வரும் தொழில்நுட்பருக்கு அரை நாளை மிச்சப்படுத்தும். சாவி எண்கள் உள்ள தாளைப் பூட்டிய அலமாரியில் வைக்க வேண்டும்.

மலேசியாவில் 2025 ஜூன் 1 முதல், தனிநபர் தரவு மீறல் பெருந்தீங்கு விளைவிக்கக் கூடியதாக இருந்தால் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் தெரிவிப்பது கட்டாயம். தரவு தொலைந்துபோவதும் மீறலின் வரையறைக்குள் அடங்கும். நோயாளிகளின் பதிவுகளை வைத்திருக்கும் சிறு கிளினிக்கும் இதை நினைவில் கொள்ள வேண்டும். வட்டு நலமாக இருக்கிறது, விவரம் மட்டும்தான் போயிருக்கிறது என்று அந்த 72 மணி நேரத்துக்குள் உறுதிப்படுத்த முடிவது ஓர் அலுவலகத்துக்குப் பெரிய வேறுபாடு.

நகல் பயன்படுமா என்பதை மீட்டுப் பார்த்துத்தான் அறிய முடியும். ஆண்டுக்கு ஓரிரு முறை, பழைய கணினி ஒன்றில் ஹைப்பர்வைசரை நிறுவி, ஒரு விஎம்மை நகலிலிருந்து எழுப்பிப் பார்க்கலாம். அப்போது பிணையக் கேபிளைக் கழற்றி வைப்பது அவசியம். அதே பெயரும் அதே முகவரியும் கொண்ட இரண்டு கணினிகள் ஒரே பிணையத்தில் எழுந்தால் உண்மையான சர்வரின் வேலை தடைப்படும். கணக்கு மென்பொருளைத் திறந்து, முந்தைய நாள் பதிந்த கடைசிப் பட்டியல் இருக்கிறதா என்று அதை அன்றாடம் பயன்படுத்தும் எழுத்தரையே பார்க்கச் சொல்ல வேண்டும்.